கவனக்குறைவு யாருடையது?

(தேசியப் பாதுகாப்பு நாளையொட்டிச் சங்கத்தின் மார்ச்சு மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கம்பனையும் வள்ளுவரையும் பற்றிப் புலவர்கள் பேசக் கேட்டுப் பழகிய இம்மேடையில், தொழிலிடப் பாதுகாப்பைப் பற்றிப் பேச ஒரு ரயில்வே குமாஸ்தா எழுந்து நிற்பது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். நான் பொறியியல் கற்றவனல்லன், சட்டம் பயின்றவனுமல்லன். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு காலம் கழிப்பவன். எனினும் இப்பொருளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு கடமை உண்டு. அக்கடமை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு விழாவுக்கு முதல் நாள் மாலை, பந்தலில் விளக்குச் சரம் கட்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் மின்சாரம் தாக்கிக் கீழே விழுந்ததை நீங்கள் அறிவீர்கள். உயிர் பிழைத்தார்; ஆனால் வலக்கை மணிக்கட்டு முறிந்தது. விழா மறுநாள் குறித்தபடி நடந்தது. அடுத்த வாரம் செயற்குழு கூடியபோது, குறிப்பேட்டில் அந்நிகழ்ச்சியைப் பதிவு செய்தவன் நான். “பணியாளின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது. மனிதாபிமான முறையில் மருத்துவச் செலவுக்கு ரூபாய் 5,000 வழங்கப்பட்டது.” இவ்விரு வரிகளையும் மிக்க மனநிறைவோடுதான் எழுதினேன். யாரும் மறுப்புச் சொல்லவில்லை. யாவரும் கையொப்பமிட்டோம்.

சில மாதங்கள் கழித்து அவ்விளைஞரைச் சந்தைக்கருகே கண்டேன். இடக்கையால் தேநீர்க் குவளையைப் பிடித்திருந்தார். வலக்கை விரல்கள் இன்னும் முழுமையாக மடங்கவில்லை என்றார். கயிறு கட்ட முடியாதவருக்குப் பந்தல் வேலை ஏது? என்மீது அவர் குறை சொல்லவில்லை. “என் தலையெழுத்து, பாபுஜி” என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்தபின் நான் எழுதிய அந்தச் சொல் என்னை உறுத்தத் தொடங்கியது. கவனக்குறைவு! யாருடைய கவனக்குறைவு? அதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில், முதலாளி என்பவர் யார்? இச்சொல்லைக் கேட்டவுடன் பெரிய ஆலையின் அதிபர் நம் கண்முன் தோன்றுகிறார். ஆனால் இக்காலனியில் லேத் பட்டறை நடத்தும் அன்பர்கள் இருக்கிறார்கள். திருமணங்களுக்குச் சமையல் ஒப்பந்தம் எடுப்போர் இருக்கிறார்கள். மெஸ் வைத்திருப்போரும், கட்டட வேலைக்கு ஆள் வைத்து நடத்துவோரும் இருக்கிறார்கள். கூலி கொடுத்து ஒருவரைத் தம் பொருட்டு ஓரிடத்தில் வேலை செய்ய வைக்கும் ஒவ்வொருவரும் அந்த நேரத்துக்கு முதலாளியே. அன்று மாலை பந்தல் ஒப்பந்தக்காரர் மட்டுமல்லர். நம் சங்கமும் அவ்விடத்தில் முதலாளியாகவே நின்றது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வேலையில் அடிபட்டவருக்கு ஈடு தரவேண்டும் என்னும் சட்டம் இந்நாட்டில் 1923-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. வேலை செய்யும்போது, அவ்வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தால், முதலாளி குற்றம் செய்தாரா இல்லையா என்று பாராமலே ஈட்டுத்தொகை தரவேண்டும் என்பது அதன் அடிப்படை. குடிபோதையில் இருந்தது, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியது ஆகிய சில விலக்குகள் உண்டு. உயிரே போய்விட்டால் இவ்விலக்குகளும் செல்லா. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இவ்விலக்குகளுள் வெறும் ‘கவனக்குறைவு’ இடம் பெறவில்லை. மனிதன் களைப்பான், மறப்பான், ஒரு கணம் வேறெங்கோ நோக்குவான். அது மனித இயல்பு என்பதை அச்சட்டத்தை வகுத்தவர்கள் அறிந்திருந்தார்கள். நாம்தான் அறியவில்லை.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒருபடி மேலே சென்றது. விபத்து நேர்ந்தபின் பணம் கொடுப்பது போதாது. சுழலும் எந்திரப் பகுதிகளுக்கு முன்னதாகவே உறுதியான வேலியிடவேண்டும் என்று அது கட்டளையிட்டது. அச்சட்டமும் அதனோடு வேறு பல சட்டங்களும் ஒன்றாக்கப்பட்டு, 2020-இல் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய சட்டத்தொகுப்பாக நிறைவேறின. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஈட்டுத்தொகைச் சட்டமும் அதே நாள் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பினுள் அடங்கியது. பெயர்கள் மாறினவே யன்றி நெறி மாறவில்லை. தீங்கு விளைவிக்கக்கூடியவை இல்லாத இடமாகத் தொழிலிடத்தை வைத்திருப்பது முதலாளியின் கடமை. பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் பணியாளரிடம் பணம் பெறலாகாது. கையுறைக்கும் தலைக்கவசத்துக்கும் ஆன செலவைச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் நம்மிடையே எங்கேனும் இருந்தால், அதை இன்றே நிறுத்திவிட வேண்டும்.

“எங்கள் பட்டறை சிறியது, தொழிற்சாலை என்ற கணக்கில் வராது” என்று சில அன்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். மின்விசையோடு நடக்கும் இடத்தில் 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்பது பழைய அளவு. புதிய தொகுப்பில் அது 20 ஆக உயர்ந்துள்ளது. ஆனால் எந்திரத்தின் பட்டைக்கு ஆட்களை எண்ணத் தெரியாது. அது இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் எப்படிக் கையை இழுக்குமோ, அப்படியே மூவர் வேலை செய்யும் இடத்திலும் இழுக்கும்.

சட்டம் இருக்கட்டும். எனக்கு நெருக்கமான ரயில்வேயிலிருந்து ஓர் உண்மையைச் சொல்கிறேன். ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் நெடுங்காலம் ஒரு முறை இருந்தது. அடுத்தடுத்த இரு நிலையங்களில் இரண்டு கருவிகள் இருக்கும். அவற்றுள் இரும்புப் பந்துகள் இருக்கும். ஒரு பந்து வெளியே எடுக்கப்பட்டுவிட்டால், அது மீண்டும் ஏதேனும் ஒரு கருவிக்குள் போடப்படும் வரை மறு பந்து வெளிவராது. பந்தைக் கையில் பெறாத ஓட்டுநர் வண்டியை நகர்த்தமாட்டார். ஆகவே எதிரெதிராக இரு வண்டிகள் ஒரே பாதையில் புகுவதற்கு வழியில்லை. இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். நிலைய அதிகாரியைப் பார்த்து, “கவனமாயிரு” என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. அவர் மறந்தாலும் ஆபத்து நேராதபடி கருவியை அமைத்தார்கள். கைகாட்டியின் நெம்புகோலும் அப்படித்தான். பாதை சரியாக அமைந்து பூட்டப்படாத வரை அது அசையாது.

மின்சார ரயில்பாதையின் மேற்கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. அதில் வேலை செய்யப் போகிறவரிடம், “மின்சாரத்தை நிறுத்தியாயிற்று” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. எழுத்துமூலமான அனுமதி அவர் கையில் இருக்கவேண்டும். வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் கம்பியைத் தரையோடு இணைக்கவேண்டும். அதன் பிறகே கை வைக்கலாம். ஏனெனில் ஒருவர் சொல்லை இன்னொருவர் தவறாகக் கேட்கலாம். வேறொருவர் அறியாமல் சுவிட்சைப் போட்டுவிடலாம். மனிதர் தவறுவர் என்பதை ஒப்புக்கொண்டு, அத்தவறு உயிரைக் குடிக்காதபடி ஏற்பாடு செய்வதே பாதுகாப்பு. கவனமாயிரு என்னும் அறிவுரை பாதுகாப்பின் கடைசிப் படியே யன்றி முதற்படி அன்று.

ரயில்வேயில் விபத்துகள் நேர்ந்ததில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நேர்ந்ததுண்டு. 1956 நவம்பரில் நம் தமிழ்நாட்டு அரியலூருக்கு அருகே, வெள்ளப்பெருக்கால் மருதையாற்றுப் பாலத்தருகே பாதை சிதைந்து, தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அப்போது ரயில்வே மந்திரியாயிருந்த லால்பகதூர் சாஸ்திரி அவர்கள் பதவி விலகினார். அவர் அப்பாதையைக் காவல் காத்தவரல்லர், வண்டியை ஓட்டியவருமல்லர். ஆயினும் பொறுப்பு என்பது கீழ்நோக்கி உருண்டு கடைசி ஊழியனின் தலையில் விழுவதன்று, மேல்நோக்கிச் சென்று தலைமையில் நிற்பது என்று அவர் கருதினார். நம் குறிப்பேட்டின் அந்த வரியோ பொறுப்பைக் கீழே உருட்டிவிட்டது.

பொறுப்பைத் தலைமை ஏற்காவிடில் என்ன நேரும் என்பதற்கு, போபாலைக் காட்டிலும் பெரிய சான்று உலகில் இல்லை. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் அந்நகரின் பூச்சிமருந்து ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்தது. அரசின் கணக்கின்படியே மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பிற கணக்குகள் அதனினும் மிகுதி. அந்த ஆலையில் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமலில்லை. நச்சுப் பொருளைக் குளிர்ந்த நிலையில் வைக்கக் குளிர்பதனக் கருவி இருந்தது. 1984 ஜூன் மாதத்தில் அதை நிறுத்திவிட்டார்கள். கசியும் வாயுவை எரித்துவிட ஓர் உயர்ந்த கோபுரம் இருந்தது. அதன் குழாய் பழுதுக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவி நச்சு நீக்கும் கருவி இருந்தது. அது இயங்கும் நிலையில் வைக்கப்படவில்லை. நீர் பீய்ச்சும் ஏற்பாடும் இருந்தது. வாயு வெளியேறிய உயரத்துக்கு அந்நீர் எட்டவில்லை. நான்கும் இருந்தன, தேவைப்பட்ட நேரத்தில் நான்கும் பயன்படவில்லை. ஏட்டில் இருக்கும் பாதுகாப்பு எவரையும் காப்பாற்றாது.

முன்னறிவிப்பும் இல்லாமலில்லை. 1981-ஆம் ஆண்டின் இறுதியிலேயே அவ்வாலையில் பாஸ்ஜீன் என்னும் வாயு தாக்கி ஒரு தொழிலாளி உயிரிழந்தார். 1982-இல் தாய் நிறுவனம் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய குழுவே பல குறைகளைப் பட்டியலிட்டது. அதே ஆண்டில் ராஜ்குமார் கேஸ்வானி என்னும் பத்திரிகையாளர் பேராபத்து வருமென்று எழுதினார். கேட்பாரில்லை. அவ்விரவில் போபால் நிலையத்தின் துணை அதிகாரி குலாம் தஸ்தகீர், மேடையில் நின்ற விரைவு வண்டியைக் குறித்த நேரத்துக்கு முன்பே புறப்படச் செய்து பயணிகளைக் காத்தார். ரயில்வே ஊழியன் என்ற முறையில் அவரை நினைந்து பெருமை கொள்கிறேன். ஆனால் கீழுள்ளவர்களின் வீரத்தை நம்பியா மேலுள்ளவர்கள் ஆலை நடத்துவது?

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2010 ஜூன் 7-ஆம் தேதி போபால் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நிறுவனத்தின் இந்தியப் பொறுப்பாளர்களாயிருந்த எழுவருக்கு ஈராண்டுச் சிறைத்தண்டனை. குற்றம் என்ன தெரியுமா? கவனக்குறைவால் மரணம் விளைவித்தது! இத்தனை உயிர்களுக்கு இது தகுந்த தண்டனையா என்று நாடே கேட்டது. அக்கேள்வி நியாயமானது. ஆயினும் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கவனக்குறைவு என்னும் அந்தச் சொல் அங்கே போய் விழுந்தது குழாயைத் திறந்த தொழிலாளியின் மேலன்று. ஆலையை நடத்தியவர்களின் மேல்.

இப்போது நம் பந்தலுக்கு வருவோம். போபால் எங்கே, நம் பந்தல் எங்கே என்று எண்ணாதீர்கள். அளவு வேறு, காரணத்தின் போக்கு ஒன்றே. விபத்து நேர்ந்தால் ‘ஏன்’ என்று ஒருமுறை கேட்டு நிறுத்தாமல், ஐந்து முறை கேட்கவேண்டும் என்பார்கள். நான் கேட்டுப் பார்த்தேன்.

இளைஞர் ஏன் விழுந்தார்? மின்சாரம் தாக்கியதால். மின்சாரம் ஏன் தாக்கியது? வயர் நீளம் போதாமல் போடப்பட்ட ஒட்டு, நாடா சுற்றப்படாமல் ஈர இரும்புக் குழாயில் பட்டதால். அப்போது ஏன் மின்சாரம் நிறுத்தப்படவில்லை? மேடையில் நம் பிள்ளைகளின் நாட்டிய ஒத்திகை ஒலிபெருக்கியோடு நடந்துகொண்டிருந்ததால். பந்தல் வேலையும் ஒத்திகையும் ஏன் ஒரே நேரத்தில் நடந்தன? பந்தல் ஒரு நாள் தாமதமாகப் போடப்பட்டதால். ஏன் ஒரு நாள் தாமதம்? ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்தலாம் என்று செயற்குழு முடிவு செய்ததால்.

அன்பர்களே, அம்முடிவும் அதே குறிப்பேட்டில், அதே என் கையெழுத்தில், நான்கு பக்கங்களுக்கு முன்னால் இருக்கிறது! அவ்விளைஞர் கம்பத்தில் ஏறும் முன்பே விபத்து எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர்கள் நாம்.

ஆகவே என்ன செய்வது? ஆபத்தைத் தடுக்கும் வழிகளை ஐந்து படிகளாக அறிஞர்கள் வகுத்திருக்கிறார்கள். பந்தலையே உதாரணமாகக் கொள்வோம். முதற்படி, ஆபத்தையே நீக்குதல்: விளக்குச் சரத்தைத் தரையிலேயே கட்டிச் சோதித்துவிட்டு, மின்சாரம் இல்லாதபோது மேலேற்றுதல். இரண்டாவது, ஆபத்துக் குறைந்ததாக மாற்றுதல்: 12 வோல்ட்டில் எரியும் சிறு விளக்குகளைப் பயன்படுத்துதல். மூன்றாவது, கருவியால் தடுத்தல்: 30 மில்லி ஆம்பியர் அளவு மின்கசிவு ஏற்பட்டாலே தானாக மின்சாரத்தை அறுத்துவிடும் கருவியைப் பொருத்துதல். நான்காவது, முறை வகுத்தல்: மேலே ஆள் இருக்கும் வரை மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியை ஏறுபவரிடமே கொடுத்துவிடுதல். ஐந்தாவது, கவசம்: கையுறை, இடுப்புக் கச்சை, தலைக்கவசம். நம்மிற் பலர் ஐந்தாம் படியில் தொடங்கி அதிலேயே நின்றுவிடுகிறோம். சிலர் அதற்கும் வராமல் “பார்த்துப் பண்ணப்பா” என்ற சொல்லோடு முடித்துவிடுகிறோம்.

பட்டறையும் மெஸ்ஸும் நடத்தும் அன்பர்களுக்கு நான்கு வேண்டுகோள்கள். மாதம் ஒருமுறை உங்கள் இடத்தைச் சுற்றி வாருங்கள். தனியாக அன்று, அங்கே வேலை செய்பவர் ஒருவரோடு. எந்தப் பட்டைக்கு மூடியில்லை, எந்தத் தரை வழுக்குகிறது, எந்தக் கேஸ் குழாய் வெடித்திருக்கிறது என்பது உங்களைவிட அவருக்கே நன்கு தெரியும். இரண்டாவதாக, கண்டவற்றை எழுதி, எது நேரக்கூடியது, நேர்ந்தால் எவ்வளவு கொடியது என்று எடைபோட்டு, கொடியதை முதலில் சரிசெய்யுங்கள். யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்பதையும் எழுதுங்கள். மூன்றாவதாக, மயிரிழையில் தப்பியவற்றுக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். கை தப்பிய நாளில் எழுதாதவன் கை போன நாளில் எழுதவேண்டி வரும். தவறைச் சொன்னவரைக் கடிந்தால், அடுத்த முறை எவரும் சொல்லமாட்டார். நான்காவதாக, பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பதிவு செய்யுங்கள்; இல்லாவிடில் காப்பீடு எடுங்கள். ஆனால் காப்பீடு விரலுக்குப் பணம் தருமே யன்றி விரலைத் தராது.

இவற்றுக்கெல்லாம் செலவாகும் என்பீர்கள். ஆகும். ஒரு நாள் பந்தல் வாடகையை நாம் மிச்சப்படுத்தினோம். அத்தொகையை அவ்விளைஞரின் வலக்கை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறது. செலவு இல்லாமற் போகவில்லை. நம் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு மாறியது, அவ்வளவே. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

பிழைப்பைத் தேடி நம் ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். நம் தந்தையரும் பாட்டன்மாரும் அயலூரில் யாரோ ஒருவரின் கீழ் உழைத்துத்தான் நம்மை ஆளாக்கினார்கள். அவர்களுக்கு அடிபட்ட நாட்களில் “தலையெழுத்து” என்று சொல்லி அவர்களும் வீடு திரும்பியிருப்பார்கள். அவ்விளைஞரும் தம் கிராமத்தைவிட்டு இவ்வூருக்கு வந்தவரே.

ஆகவே தலைவர் அவர்களையும் செயற்குழுவையும் மூன்று வேண்டிக்கொள்கிறேன். குறிப்பேட்டிலுள்ள அந்த வரியை அடித்துவிட்டு, “சங்கம் தகுந்த முன்னேற்பாடு செய்யாததால் விபத்து நேர்ந்தது” என்று திருத்தி எழுதவேண்டும். அவ்விளைஞரின் கை குணமாகும் வரை சிகிச்சைச் செலவைச் சங்கம் ஏற்று, அவர் செய்யக்கூடிய ஒரு வேலைக்கும் வழி தேடவேண்டும். இனி ஆண்டு விழாவின் செலவுத் திட்டத்தில், நாதசுரத்துக்கும் விருந்துக்கும் முன்னதாக, பாதுகாப்புக்கென்று ஒரு தொகை ஒதுக்கவேண்டும். பந்தல் வேலை முடியும் வரை மேடையில் ஒத்திகை கூடாது என்பதையும் விதியாக்க வேண்டும்.

திருத்தி எழுதும் கை என் கையாகவே இருக்க அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பிழையாக எழுதியவனே திருத்துவதுதான் அலுவலக முறையும்கூட.